துணி துவைக்கும் அறையில் வாய்விட்டுப் படித்தவள்

1

திருப்பதியில் நான் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்த ஹாஸ்டல் கல்லூரியிலிருந்து கெமிஸ்ட்ரி சார் போன வாரம் வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பழைய மாணவி என்கிற முறையில், இந்த வருடம் விண்ணப்பம் போடுகிற பிள்ளைகளுக்கு நான் பத்து அறிவுரை எழுதித் தரவேண்டுமாம். "பாசிடிவ்கா ராயம்மா," என்று முடித்திருந்தார். நல்லபடியாக எழுது தாயே என்று பொருள்.

நல்லபடியாகத்தான் எழுதினேன். நேரத்தைத் திட்டமிடுங்கள். தயங்காமல் கேள்வி கேளுங்கள். நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தூங்குங்கள். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு என்ன செலவு? பத்தையும் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பிவிட்டேன். சார் கைகூப்பும் பொம்மை மூன்று போட்டார்.

அந்தப் பத்தில் ஒன்றைக்கூட நான் கடைப்பிடிக்கவில்லை. மனசு ஆறாமல் இதைத் தமிழில் எழுதுகிறேன். சாருக்குத் தமிழ் படிக்க வராது என்பது ஒரு தைரியம். எங்கள் எல்லை ஊர்களில் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு, இன்டருக்குத் திருப்பதி போய், அங்கே தெலுங்கையும் இங்கிலீஷையும் ஒரே வருடத்தில் விழுங்கிச் செரித்த பிள்ளைகள் என்னைப்போல இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இங்கே வர நினைத்தால் இதைப் படிக்கட்டும்.

2

என் ஊர் ஆந்திராவில், விஜயபுரம் மண்டலத்தில் இருக்கிறது. எங்கள் வயலில் நின்று கல்லெறிந்தால் தமிழ்நாட்டில் போய் விழும். தாத்தா காலம்வரை எங்களுக்குச் சொந்தமாகக் கைப்பிடி மண் கிடையாது. என் அப்பா முனிரத்தினம்தான் முதன்முதலாகத் தன் நிலத்தில் வேர்க்கடலை போட்டவர். அம்மா இன்னும் நடவுக்கும் கடலை பிடுங்கவும் கூலிக்குப் போகிறாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு இங்கே கெமிஸ்ட்ரி படிக்க முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்ததும் ஊரில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பஸ் நிற்கிற இடத்தில், புளியமரத்தை மறைத்துக்கொண்டு. என் முகத்தைப் பாலில் முக்கி எடுத்த மாதிரி வெளுப்பாக்கியிருந்தார்கள். என்னைவிடப் பெரிதாகக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். 'மா ஊரி முத்யம்' என்று தெலுங்கில் ஒரு வரி, 'எங்கள் ஊர் முத்து' என்று தமிழில் ஒரு வரி. வெயிலில் அது சாயம் போனபோது, யாரும் கேட்காமலே புதிதாக ஒன்று அடித்து மாட்டினார்கள். போகிறவளுக்குத்தான் ஃப்ளெக்ஸ் உண்டு. தோற்றுத் திரும்பி வருகிறவளுக்கு என்ன கட்டுவார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

இங்கே வந்தால் என் பெயரே போய்விட்டது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டோம். இப்போது பேராசிரியர்கள், அலுவலகம், நூலகம் எல்லோருக்கும் நான் 'மிஸ் முனிரத்தினம்'. வகுப்பில் மார்க் குறைந்த விடைத்தாளைக் கொடுக்கும்போதுகூட நைனாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கடலைக்காட்டில் நிற்கிற மனிதரைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து வகுப்பில் நிறுத்துவது மாதிரி இருக்கும் எனக்கு.

3

திருப்பதி ஹாஸ்டலில் எங்களுக்கு 'ஸ்டடி அவர்' உண்டு. பெரிய ஹாலில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். ஒருத்தி இயற்பியல், ஒருத்தி கணக்கு, ஒருத்தி தெலுங்குச் செய்யுள். வார்டன் மேடம் ஸ்கேலோடு நடப்பார். "நோரு தெரிச்சி சதவண்டி!" வாயைத் திறந்து படியுங்கள். உதடு அசையாதவள் தூங்குகிறாள் என்பது அவர் சித்தாந்தம். வெளியிலிருந்து பார்த்தால் சந்தைக்கடை. உள்ளே இருப்பவளுக்கு அப்படி இருக்காது. அந்த இரைச்சலில் அவரவர் குரல் மட்டும் அவரவர் காதில் தெளிவாக விழும். நான் ரேங்க் வாங்கியது அந்த ஹாலில்தான்.

அதே ஹாலில் இன்னொரு விதியும் இருந்தது. பக்கத்தில் இருப்பவளிடம் பேசினால் அடி. கணக்கு வரவில்லையென்றால் வராமலே இருக்கலாம், பக்கத்து நோட்டைப் பார்க்கக் கூடாது.

இந்த இரண்டு பாடத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். இங்கே வாரா வாரம் கணக்குகள் கொடுப்பார்கள். ஒரு ஆளால் முடிக்க முடியாத கணக்குகள். எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சண்டை போட்டு, சிரித்து, பீட்சா தின்றுகொண்டு சேர்ந்து போடுகிறார்கள். முதல் வாரம் என்னையும் கூப்பிட்டார்கள். இதென்ன, இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் கூட்டமாகக் காப்பி அடிக்கிறார்களே என்று நினைத்தேன். "வேலை இருக்கிறது" என்று விலகிவிட்டேன். அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள், அப்போதும் விலகினேன். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கணக்குகள் சேர்ந்து போடுவதற்கென்றே கொடுக்கப்பட்டவை என்று பேராசிரியர் ஒரு நாள் போகிறபோக்கில் சொன்னார். அதற்குள் மேசைகளெல்லாம் நிரம்பியிருந்தன. எல்லோருக்கும் நான் தலைக்கனம் பிடித்தவள்.

தனியாகவே படித்து ஜெயித்துவிடலாம் என்று நூலகத்துக்குப் போனேன். ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு பக்கத்தை முணுமுணுத்திருப்பேன், முன்னால் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டாம் பக்கத்தில் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டான். அறையில் படிக்கலாமென்றால் கூட இருக்கும் பெண் காதில் பஞ்சு மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டு, கோபமில்லாமல் பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்கு வார்டன் மேடத்தின் ஸ்கேலே மேல். மனசுக்குள் படித்துப் பார்த்தேன். கண் வரி வரியாக ஓடும், மூளைக்குள் ஒன்றும் இறங்காது.

4

கடைசியில் இடம் கிடைத்தது. எங்கள் விடுதிக்குக் கீழே, தரைக்கு அடியில், துணி துவைக்கும் அறை. ஒரு பக்கம் துவைக்கும் மெஷின்கள், எதிர்ப்பக்கம் உலர்த்தும் மெஷின்கள். எல்லாம் ஓடும்போது காது அடைக்கும். மத்தியானத்தில் எல்லோரும் வகுப்புக்குப் போயிருப்பார்கள். புத்தகத்தை மெஷின் மேல் வைத்துக்கொண்டு, லேசாக ஆடிக்கொண்டே, வாயைத் திறந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் குரல் மட்டும் என் காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

யாராவது வந்தால் கேட்பார்களே என்று என் துணிகளைப் போட்டு மெஷினை ஓட விடுவேன். அழுக்குத் துணி தீர்ந்தபோது துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். ஊரில் அம்மா எடுத்துக் கொடுத்த சுடிதார்களெல்லாம் வெளுத்துப் போனதற்குக் காரணம் இந்த ரசாயனப் படிப்புதான்.

சில வாரம் நன்றாகத்தான் போனது. மார்க் கொஞ்சம் ஏறியது. அப்புறம் இரண்டாம் வருடப் பாடங்கள் வந்தன. சத்தம் போட்டுப் படித்தால் மனப்பாடம் ஆகும், உண்மைதான். இங்கே மனப்பாடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புத்தகத்தை மூடிவிட்டு, புத்தகத்தில் இல்லாததைக் கேட்டார்கள். ஒரு தேர்வில் பாதித் தாளை வெள்ளையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறந்ததிலிருந்து நான் வெள்ளைத்தாள் கொடுத்ததில்லை. இந்தப் பருவமும் இப்படியே போனால் ஒரு வருடம் ஊருக்குத் திரும்பிப் போயிருந்துவிட்டு வரவேண்டியிருக்கும், உதவித்தொகை தொடருமா என்று அப்போதுதான் பார்க்க வேண்டும் என்று படிப்பு ஆலோசகர் மிக மரியாதையாகச் சொன்னார். நானும் மரியாதையாகத் தலையாட்டினேன்.

அதற்கப்புறமும் மத்தியானங்களில் கீழே இறங்கிப் போனேன். புத்தகம் கையில் இருக்கும். வாய் பேசும். ஆனால் பேசியது பாடத்தை இல்லை.

எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. ஒரு வரியைப் படித்து, புரியாமல், மறுபடி படித்து, "நைனா, இது எனுக்கு வரல நைனா" என்று சொன்னேன். அதோடு பிடித்துக்கொண்டது. அப்புறம் தினமும் அதுதான். நைனா, என்னால முடியல. நைனா, நான் இங்க வந்துருக்கக் கூடாது. நைனா, அந்த ஃப்ளெக்ஸக் கழட்டச் சொல்லு. மெஷின் நிற்கும்வரை பேசுவேன். நின்றதும் துணியை எடுத்து மடித்துக்கொண்டு மேலே வருவேன். மடிக்கும்போது வாய் மூடியிருக்கும், முகம் சாதாரணமாக இருக்கும். படித்துவிட்டு வந்ததாகவே என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

5

துணி எடுக்க வந்த ஒரு பையன் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். விடுதிப் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வார்த்தை புரியாமலே ஏதோ சரியில்லை என்று அவனுக்குப் பட்டிருக்கிறது.

மனநல ஆலோசகர் என்னை வரச் சொன்னார். அம்மா வயது இருக்கும். நாற்காலியை எனக்கு நேராகப் போடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

"எங்கள் ஊரில் எல்லோரும் வாய்விட்டுத்தான் படிப்போம்," என்றேன். ஹாஸ்டல், ஸ்டடி அவர், வார்டன் மேடம், ஸ்கேல் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கிற மாதிரியே சொன்னேன். அவரும் சிரித்தார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எங்கள் பழக்கத்தைத் தெரியாமல் சந்தேகப்பட்டதற்காக மன்னிப்புக்கூடக் கேட்டார்.

அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. "ஒரு வார்த்தை அடிக்கடி வந்ததாக அந்த மாணவர் சொன்னார். 'நைனா' என்று. அது என்ன?"

"பாடத்தில் வருவது," என்றேன். "கெமிஸ்ட்ரியில்."

குறித்துக்கொள்வதற்காக எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

உன்னை நீயே ஏதாவது செய்துகொள்ள நினைத்ததுண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அது பொய் இல்லை. காலையில் கண் விழிக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று நினைப்பது அந்தக் கேள்விக்குள் வருமா வராதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பெற்ற அப்பனைக் கெமிக்கலாக்கிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவர் நல்லவர். சும்மா விடவில்லை. நான் சத்தம் போட்டுப் படிப்பதற்கென்று ஒரு காலி வகுப்பறையை ஏற்பாடு செய்து கொடுத்தார். கதவில் என் பெயரை, அதாவது நைனாவின் பெயரை, ஒட்டியிருந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தேன். மெஷின் இல்லை, இரைச்சல் இல்லை. வாயைத் திறந்தால் சுவர் திருப்பிச் சொன்னது. ஒரு நாள்தான் போனேன். துணி துவைக்கும் அறைக்கும் போக முடியாது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளத் தொடங்கினேன். முதலில் ஒரு வகுப்பு போனது, பிறகு நாள் முழுக்க. முனிரத்தினம் எங்கே என்று யாரும் தேடவில்லை. தனியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியுமே.

பிள்ளைகளே, ஒன்று சொல்கிறேன். 'எங்கள் ஊர்ப் பழக்கம்' என்று சொன்னால் இங்கே எல்லாக் கதவும் திறக்கும். யாரும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள், கேட்பது மரியாதையில்லை என்று நினைப்பார்கள். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். அங்கே ஒளிந்தவளை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

6

நேற்று முன்தினம் பவித்ரா வீடியோ காலில் வந்தாள். கார்வேட்டிநகரத்துப் பெண். அதே திருப்பதிக் கல்லூரி. இந்த வருடம் இங்கேயே அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. என் பத்து அறிவுரைகளை சார் அவளுக்கும் அனுப்பியிருந்தார். மனப்பாடமே செய்துவிட்டிருந்தாள்.

"அக்கா, குக்கர் எட்த்துகினு வரலாமா? கோங்குரா பச்சடி புட்ச்சி வெச்சிக்குவாங்களா ஏர்போர்ட்ல?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவள் அம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "எங்க பொண்ணக் கொஞ்சம் பாத்துக்கம்மா, நீ கீறன்ற தைரியத்துலதான் அனுப்புறோம்" என்றாள். நான் தலைவாரிப் பொட்டு வைத்திருந்தேன், சிரித்தேன். அம்மா போனதும் பவித்ரா குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அங்க வாயி தொறந்து படிக்க வுடுவாங்களா? எனுக்கு மன்சுக்குள்ள படிச்சா ஏறவே ஏறாதுக்கா."

"வுடுவாங்க," என்றேன். "ரூமே குடுப்பாங்க."

"அய்யோ, சூப்பர்க்கா!" என்று கைதட்டினாள்.

போனை வைத்த பிறகு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் அழிவது ஒரு பக்கம். இந்தப் பெண்ணுக்கும் வழி காட்டிக்கொண்டிருக்கிறேனே. இவள் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து சுவரோடு பேசுவதை நினைத்துப் பார்த்தேன். கதவுக்கு வெளியே நின்று கேட்க ஒரு பையன் வராமலும் போகலாம்.

7

நைனா சனிக்கிழமைகளில் பேசுவார். எனக்குக் காலை, அவருக்குச் சாயங்காலம். எங்கள் பேச்சு மாறவே மாறாது. துன்னியா என்பார், துன்னேன் என்பேன். கடலைக்காட்டில் காட்டுப்பன்றி பூந்த கதையைச் சொல்வார். படிப்பு எப்படிப் போகிறது என்பார், நல்லாப் போவுது என்பேன். அம்மாவிடம் கொடுப்பார்.

இன்றைக்குச் சனிக்கிழமை. பன்றிக் கதை முடிந்தது.

"படிப்பு எப்டிமே போவுது?"

"போவல நைனா."

"இன்னாது?"

"படிப்பு போவல. தோத்துகினு கீறேன். ரொம்ப நாளா. என்னால முடியல."

பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் அதை நிறுத்தச் சொன்னார். நின்றது.

"சொல்லு," என்றார்.

"சொன்னா உனுக்குப் புரியாது நைனா."

"நீ படிக்கறது எனுக்கு எப்ப புரிஞ்சிது? புரியாங்காட்டி இன்னா, காது கீது இல்ல? சொல்லு."

சொன்னேன். கணக்கு போடுகிற மேசைகள், நூலகம், துணி துவைக்கும் அறை, வெள்ளைத்தாள், எல்லாவற்றையும். எழுந்திருக்க முடியாத காலைகளையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் நாக்குக் குழறியது. அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. "உம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "உம்." கதை சொல்கிறவருக்கு எதிரில் இருப்பவர் உம் கொட்டுவது மாதிரி. மெஷின்களிடம் அத்தனை நாள் பேசினேனே, ஒரு உம் கிடைத்ததா?

ஆலோசகர் அம்மாவிடம் நான் சொன்ன கெமிஸ்ட்ரிப் பொய்யைச் சொன்னபோது மட்டும் நிறுத்தினார். "அடிப்பாவி, என்னிய மருந்தாக்கிட்டியா நீ?" சிரிக்கத்தான் பார்த்தார். அப்புறம், "திங்கக்கெழம அந்தம்மாகிட்ட போய் நெசத்த சொல்லிடு. போவியா?"

"போறேன்."

"எனுக்கு வாக்கு குடு."

கொடுத்தேன். பிறகு நான் கேட்டேன். "திருப்பி அனுப்பிட்டாங்கன்னா நைனா?"

அனுப்ப மாட்டார்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவரும் சொல்லவில்லை.

"ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்றேன்.

"ஊரு பேசறத நான் பாத்துக்கறேன். நீ பேசறத நீ பேசு."

மறுபடி தொடங்கினேன். இடையில் அவர் போன் கீச்சென்று கத்தியது. சார்ஜ் தீரப்போகிறது என்றார். வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது. இல்லை, உள்ளே நடந்து போகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் சுவரில் உயரத்தில் இருக்கும், சார்ஜர் ஒயர் முழ நீளம்கூட வராது.

"மாட்டிட்டேன். சொல்லு," என்றார்.

சொல்லிக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் பகல் முழுக்கக் காட்டில் நின்றிருப்பார் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"நைனா, நின்னுகினா கீற? உக்காரு."

"ஒயரு பத்தாது. நீ சொல்லு."